29சி வருகிறதா? சித்திக்காகச் செய்த பஸ் நம்பர் படிக்கும் கருவி

போன செவ்வாய்க்கிழமை காலை 8.50க்குச் சென்னை அடையாறு பஸ் ஸ்டாப்பில் சித்தி யாரிடமும் எதுவும் கேட்காமல் கையை நீட்டி 29சியை நிறுத்தி ஏறினார். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஆரம்பித்த வேலை, இப்போது அக்டோபர். நடுவில் இரண்டு முறை எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று, தப்பாகப் போன இடங்களையும் சேர்த்து நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சித்திக்கு 54 வயது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். சின்ன வயதில் இருட்டில் தடுமாறுவதில் தொடங்கி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம், எதிரே பெரிதாக ஏதாவது நகர்கிறதா என்ற அளவுக்குத்தான் தெரியும். ஜெமினி பக்கம் ஒரு வங்கி அலுவலகத்தில் 22 வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். வெள்ளைக்கோலோடு தனியாகத்தான் போய் வருகிறார். வழி அவருக்கு அத்துப்படி. பஸ் நம்பர்தான் சிக்கல். தினமும் பக்கத்தில் நிற்பவரிடம் "29சி வந்தா சொல்றீங்களா?" என்று கேட்க வேண்டும். அவரும் சரி என்பார். ஆனால் அவருடைய பஸ் முதலில் வந்துவிட்டால் ஏறிப் போய்விடுவார். அவர் இன்னும் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு சித்தி நின்றுகொண்டே இருப்பார். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை.

போனில் இருக்கும் செயலிகளை அவர் நன்றாகவே பயன்படுத்துவார். மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, தன்னார்வலர் வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்லும் பி மை ஐஸ். வீட்டுக்கு வரும் கடிதம் படிக்க, எழுத்தைப் படித்துச் சொல்லும் சீயிங் ஏஐ. மேசை மேல் அசையாமல் இருக்கும் பொருளுக்கு இரண்டும் அருமை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் ஒரு கையில் கோல், தோளில் பை, இன்னொரு கையில் போனை ரோட்டைப் பார்த்து நீட்டிப் பிடித்தபடி பத்து நிமிஷம் நிற்க முடியாது. யாராவது பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்ற பயம் வேறு. பி மை ஐஸில் ஒரு தன்னார்வலர் இணைப்பில் வந்து "சொல்லுங்க" என்பதற்குள் பஸ் போயிருக்கும். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் சென்னை பஸ் செயலியும் இருக்கிறது. ஆனால் மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்போது முன்னால் நிற்பது எது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு பார்வை மட்டும்.

முதலில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி போர்டு 1,750 ரூபாய், கேமரா மாட்யூல் 3 2,600, மெமரி கார்டு 450, சின்ன பவர் பேங்க் 900, பிளாஸ்டிக் பெட்டியை 3டி பிரின்ட் எடுக்க 650. மொத்தம் 6,350 ரூபாய். சின்னதாக இருக்கும், கழுத்தில் ஐடி கார்டு மாதிரி தொங்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். படத்திலிருந்து எழுத்து படிக்க டெசராக்ட் என்ற மென்பொருளைப் போட்டேன். முழுப்படத்தையும் அதற்குக் கொடுத்தால் ஒரு படத்துக்கு ஒன்பது வினாடி எடுத்தது. 512 எம்பி ராம் உள்ள போர்டு இவ்வளவு வேகமாகச் செய்ததே பெரிது. டெசராக்டும் அச்சடித்த பக்கத்தைப் படிப்பதற்காகப் பிறந்தது. தப்பு என் தேர்வில்தான். எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடாமலேயே சாமான் வாங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கைப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டேன். ஸ்டாப்பை நெருங்கும் பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு வினாடிக்கு ஐந்தரை மீட்டர். 25 மீட்டர் தொலைவில் பஸ்ஸைக் கண்டுபிடித்தால் நாலரை வினாடி கிடைக்கும். அதற்குள் படிக்க வேண்டும், சொல்ல வேண்டும், அவர் கையை நீட்ட வேண்டும், டிரைவர் அதைப் பார்க்க வேண்டும். ஆக, கருவிக்கு ஒன்றரை வினாடிக்கு மேல் கொடுக்க முடியாது.

இன்னொரு கணக்கு எழுத்தின் அளவு. கேமரா மாட்யூல் 3இன் படம் 4,608 புள்ளி (பிக்சல்) அகலம், கிடைமட்டத்தில் 66 டிகிரி பார்க்கும். 20 மீட்டர் தள்ளி அது 26 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு மீட்டருக்கு 177 புள்ளி. நம்பரின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 35 புள்ளி வரும். படிக்க அது போதும். ஆனால் வேகத்துக்காக நான் படத்தை 1,280 புள்ளிக்குச் சுருக்கி வைத்திருந்தேன். அதில் நம்பரின் உயரம் பத்துப் புள்ளிதான். அதில் 29ஐயும் 23ஐயும் மனிதக் கண்ணாலேயே பிரிக்க முடியாது. இரண்டு வாரம் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தேன், கோளாறு இங்கே இருந்தது. அதன் பிறகு சுருக்கிய படத்தில் பஸ் எங்கே என்று மட்டும் தேடி, கிடைத்ததும் முழு அளவுப் படத்திலிருந்து பலகையை மட்டும் வெட்டி எடுக்கும்படி மாற்றினேன்.

ராஸ்பெர்ரி பை போர்டைப் பரணில் ஏற்றிவிட்டு, 7,200 ரூபாய்க்குப் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கினேன். கேமரா, பேட்டரி, புளூடூத், பேசும் குரல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் பாதி வேலை குறைந்தது. பஸ்ஸைக் கண்டுபிடிக்க, படத்தில் எந்தப் பொருள் எங்கே என்று சொல்லும் யோலோ வி8 நிரலின் மிகச் சிறிய வடிவத்தைப் போட்டேன். அதன் பொதுப் பயிற்சியிலேயே பஸ் என்ற வகை இருக்கிறது. ஆனால் முகப்பில் நம்பர் பலகை எங்கே என்று அதற்குத் தெரியாது. அதைப் பழக்க நானே படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் பலகையைச் சுற்றிப் பெட்டி வரைந்தேன். மூன்று வாரம் காலையும் மாலையும் அடையாறு, சைதாப்பேட்டை, திருவான்மியூர் என்று நின்று 1,100 படம் சேர்த்தேன். வீட்டில் சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சனிக்கிழமை சித்தியிடம் கொடுத்து ஸ்டாப்புக்கு அழைத்துப் போனேன்.

நாற்பது பஸ் வரும்வரை நின்றோம். 11 சரி, 9 தப்பு, மீதி 20க்குக் கருவி வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவான படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் படங்களில் பஸ்ஸே இல்லை. எதிர்க்கடை, டிவைடர், வானம். சிலவற்றில் முழுக்க நீலம். அது சித்தியின் புடவை முந்தானை. கருவி படித்த நம்பர்களில் சில, எதிரே இருந்த கடைப் பலகையின் போன் நம்பரிலிருந்து வந்தவை.

நான் படம் எடுத்தபோது பஸ் வரும் திசைக்கு நேராகத் திரும்பி நின்று எடுத்திருந்தேன். அது பார்வை உள்ளவன் நிற்கும் விதம். சித்தி அப்படி நிற்பதில்லை. அவர் ரோட்டைப் பார்த்து நேராக நிற்பார், தலையை மட்டும் லேசாக இடப்பக்கம் சாய்ப்பார், வலது காது பஸ் வரும் பக்கம் திரும்பும். நம் ஊரில் வண்டி இடது ஓரமாக வருவதால் ரோட்டைப் பார்த்து நிற்பவருக்கு பஸ் எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். நெஞ்சில் தொங்கும் கேமரா எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டிருக்க, பஸ் படத்துக்குள் வரும்போது கிட்டத்தட்ட அவரைத் தாண்டியிருக்கும். "சித்தி, கொஞ்சம் வலது பக்கம் திரும்பி நின்னா போதும்" என்றேன். "திரும்பினா காது ரெண்டும் ரோட்டுக்குச் சமமா இருக்காதுடா. எந்தப் பக்கம் என்ன வருதுன்னு குழம்பிடும். கேமராவைத் திருப்பு, என்னைத் திருப்பாதே" என்றார். அது சரியான பதில். அங்கிருந்துதான் வேலை சரியான தடத்தில் ஏறியது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. விஸ்விஸ் என்ற படத்தொகுப்பு 2018இல் வந்தது. பார்வையற்றவர்கள் தங்கள் போனிலேயே படம் எடுத்து, அதைப் பற்றிக் கேட்ட 31,000க்கு மேற்பட்ட கேள்விகள் அதில் இருக்கின்றன. மங்கலான படம், பாதி வெட்டுப்பட்ட பொருள், விரல் மறைத்த மூலை, பதிலே சொல்ல முடியாத கேள்வி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பார்வை உள்ளவர்கள் அழகாக எடுத்த படங்களில் பழகிய நிரல் அங்கே தடுமாறுகிறது. நான் அந்தத் தொகுப்பை முதலில் ஒரு மாலை நேரம் புரட்டியிருந்தால் மூன்று வாரப் படமெடுப்பு மிச்சமாகியிருக்கும்.

அடுத்த இரண்டு காலை, கருவி எதுவும் இல்லாமல் சித்தியோடு போய் நின்றேன். நோட்டில் எழுதினது இவ்வளவுதான்: நடக்கும்போது கோல் வலது கையில், நின்றதும் இடது கைக்கு மாறுகிறது. கைப்பை இடது தோளில். முந்தானையும் இடது தோளில்தான். ஆக இடப்பக்கம் கேமராவுக்கு ஆகாது. வலது தோள் காலியாக இருக்கிறது, நிற்கும்போது அதிகம் ஆடுவதும் இல்லை.

வலது தோளுக்கு ஒரு பட்டை தைக்க முடிவு செய்தேன். ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குல அலுமினிய எல் ஆங்கிள் அரை அடி வாங்கினேன், திருகோடு சேர்த்து 80 ரூபாய். எல் ஆங்கிள் 90 டிகிரி. அப்படியே வைத்தால் போன் முழுக்க வலப்பக்கத்தைப் பார்க்கும், ஓரமாக நிற்கும் ஆட்களின் தலைகள்தான் படத்தில் விழும். வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டித் தட்டி விரித்து மூன்று கோணம் பார்த்தேன். 80 டிகிரியில் பக்கத்து ஆள் மறைத்தார். 50இல் பஸ் தாமதமாக உள்ளே வந்தது. 65இல் சரியாக அமைந்தது. மேல்நோக்கி 5 டிகிரி சாய்வு கொடுத்தேன், பலகை பஸ்ஸின் நெற்றியில் இருப்பதால். ஆங்கிளின் ஓரங்களை அரத்தால் தேய்த்து மழுங்கடித்தேன். முதல் நாள் அது சித்தியின் ரவிக்கையில் ஒரு நூலை இழுத்துவிட்டது. தெருமுனை தையல்காரர் பட்டையும் பையும் 150 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார். முதலில் கறுப்பு ரெக்சினில் தைத்தோம். மே மாத வெயிலில் பதினைந்து நிமிஷத்தில் போன் சூடாகி கேமரா நின்றுவிட்டது. பிறகு வெள்ளைக் காடாத் துணியில், பின்பக்கம் வலை வைத்து மறுபடி தைத்தோம். அக்குளுக்குக் கீழே ஒரு எலாஸ்டிக் பட்டையும் வெல்க்ரோவும் சேர்த்தேன், 90 ரூபாய். அது இல்லாவிட்டால் அவர் திரும்பும்போதெல்லாம் போன் ஊசலாடும்.

காதுக்கு, காதை அடைக்காமல் கன்னத்து எலும்பில் உட்காரும் ஹெட்செட் 3,500 ரூபாய். இந்தச் செலவில் பேரமே கிடையாது. சித்திக்குக் காதுதான் கண். அதை இயர்போனால் மூடினால் நான் அவருக்குக் கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வதுதான் அதிகம்.

அந்தத் தோளிலிருந்து மறுபடி படம் சேர்த்தேன். இம்முறை சித்தி நிற்கிறபடி நிற்க, போன் தானாகவே வினாடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டது. பத்து நாளில் 640 படம் தேறியது. பழைய 1,100இல் இருந்ததைவிட இந்த 640இல்தான் விஷயம் இருந்தது. பழைய படங்களில் இன்னொரு குறையும் தெரிந்தது. நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை முகப்பில் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்துகள். சிவப்பு டீலக்ஸ் வந்தால் பலகையைக் கண்டுபிடிக்கத் தடுமாறியது. சிவப்பு பஸ்ஸுக்காகவே ஒரு மாலை முழுக்க நின்றேன்.

அப்புறம் பஸ்ஸின் எல்இடி நம்பர் பலகை. இதில்தான் அதிக நாள் போனது.

கண்ணுக்குப் பலகை முழுசாக எரிவது போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு நேரத்திலும் சில வரிசைகள்தான் எரியும், மிக வேகமாக மாறி மாறி எரிவதால் நம் கண் சேர்த்துக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் போன் கேமரா ஷட்டரை வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறக்கிறது. அந்தச் சமயம் எந்த வரிசை எரிந்ததோ அதுதான் படத்தில் விழும். 29சியின் மேல்பாதி மட்டும் இருக்கும். அடுத்த படத்தில் நடுவில் இரண்டு கோடு. 8 என்பது 0 ஆகும், 9 என்பது 7 ஆகும்.

சரி, ஷட்டரை நூறில் ஒரு பங்குக்குப் பூட்டினேன். பஸ் நேராக நம்மை நோக்கி வருவதால் அந்த நேரத்தில் அது நகரும் ஐந்தரை சென்டிமீட்டர் படத்தை மங்கலாக்காது. நம்பர் அழகாக, முழுசாக வந்தது, நிழலில். வெயிலில் படம் முழுக்க வெள்ளை. போன் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது, உள்ளே வரும் வெளிச்சம் வந்தபடியே வரும். பழைய கூலிங் கிளாஸின் கண்ணாடியை வெட்டி லென்ஸ் முன்னால் ஒட்டினேன். காலையில் வேலை செய்தது. மாலை ஆறரைக்கு ஒன்றுமே தெரியவில்லை. கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யலாம் என்று ஒரு கிளிப் செய்துகொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது கண்ணாடி லென்ஸ் மேல் இருக்கிறதா இல்லையா, வெளிச்சம் போதுமா போதாதா என்று சித்தி எப்படிப் பார்த்து மாற்றுவார்? பார்த்து முடிவெடுக்க வேண்டிய ஒரு வேலையை நானே அவர் தலையில் கட்டப் பார்த்தேன்.

கடைசியில் கைகொடுத்தது படங்களை அடுக்குவது. ஷட்டர் வேகமாகவே இருக்கட்டும், அடுத்தடுத்து எட்டுப் படம் எடு. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வரிசை எரிந்திருக்கும். எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொரு புள்ளியிலும் எது அதிக வெளிச்சமோ அதை எடுத்துக்கொள். நம்பர் முழுசாகிவிடும். இதில் ஒரு தொல்லை, எட்டுப் படத்துக்குக் கால் வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் பஸ் ஒன்றரை மீட்டர் நெருங்கிவிடும், 25 மீட்டரில் எழுத்து 6 சதவீதம் பெரிதாகிவிடும். அப்படியே அடுக்கினால் எழுத்துக்கு மூன்று நிழல் விழுகிறது. பஸ்ஸைச் சுற்றிய பெட்டியை வைத்துப் பொருத்திப் பார்த்தேன், பெட்டி ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் துள்ளுவதால் சரிவரவில்லை. பலகையின் சட்டத்தை வைத்து, ஓப்பன்சிவி என்ற படம் கையாளும் நிரல் தொகுப்பில் இருக்கும் ஈசிசி என்ற பொருத்தும் முறையில் பொருத்தியதும் நேராக உட்கார்ந்தது. முதல் தடவை எட்டுக் கீறல்களிலிருந்து "29சி" முழுசாக எழுந்து வந்ததைத் திரையில் பார்த்தபோது இரவு ஒன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூக்கம். நான் மட்டும் அதை இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன்.

இன்னொரு சின்ன விஷயம். எல்இடி எழுத்து தனித்தனிப் புள்ளிகள். எழுத்து படிக்கும் நிரலுக்கு அது மணல் தூவினது மாதிரி. புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிக் கொடுத்தால் நன்றாகப் படிக்கிறது. கூர்மையாக்கினால் கெடும். நான் கூர்மையாக்கிக்கொண்டிருந்தேன்.

தப்பான பஸ்களை விலக்க இரண்டு வழி. எதிர்ச்சாரியில் போகும் பஸ்ஸின் பின்பக்கத்திலும் நம்பர் இருக்கும், அதையும் கருவி ஆர்வமாகப் படித்துச் சொல்லும். பெட்டி அடுத்தடுத்த படங்களில் பெரிதாகிக்கொண்டே வந்தால் மட்டும் படி, சிறிதானால் விட்டுவிடு என்று ஒரு விதி வைத்தேன். அதோடு அந்தத் தொல்லை போயிற்று. இரண்டாவது, ஸ்டாப்புக்கு வரும் 17 தடங்களின் பட்டியல். முதலில் படித்ததைப் பட்டியலில் எதற்கு நெருக்கமோ அதுவாக மாற்றிச் சொல்ல வைத்தேன். அது பெரிய தப்பு. பட்டியலில் இல்லாத ஒரு ஸ்பெஷல் பஸ் வந்தால் அதையும் ஏதோ ஒரு தெரிந்த நம்பராக்கி உறுதியாகச் சொன்னது. இப்போது அட்சரம் பிசகாமல் பொருந்த வேண்டும், ஐந்து முயற்சியில் மூன்று தடவை ஒரே விடை வர வேண்டும். இல்லாவிட்டால் "பஸ் வருது, நம்பர் தெரியல" என்று மட்டும் சொல்லும். சித்தி இதில் கறாராக இருந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடட்டும். நான் பக்கத்துல கேட்டுக்கறேன். தப்பா சொல்லி ஏத்திவிட்டா எங்க இறங்கறதுன்னு எனக்குத் தெரியாது."

என்ன பேச வேண்டும் என்பதிலும் நான் தவறாகத்தான் ஆரம்பித்தேன். முதல் வடிவம், "இருபத்தொன்பது சி, பெரம்பூர் செல்லும் பேருந்து, இருபது மீட்டர் தொலைவில்" என்று வாசித்தது. முடிப்பதற்குள் பஸ் வந்து நின்றுவிடும். "பஸ் நம்பரை யாருடா இருபத்தொன்பதுன்னு சொல்றாங்க?" என்று கேட்டார். உண்மைதான், ஊரே ட்வென்ட்டி நைன் சி என்றுதான் சொல்கிறது. 17 நம்பரையும் என் குரலில் பதிவு செய்து போட்டேன். குரல் தயாராகும் நேரமும் மிச்சமானது. பஸ் படத்துக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன டிக். நம்பர் தெரிந்ததும் நம்பர். வேறு ஒன்றும் இல்லை.

எப்போதும் கேமராவை ஓட விட்டால் அரை மணி நேரத்தில் பேட்டரி 22 சதவீதம் போனது. ஹெட்செட் பட்டனை அமுக்கினால் மட்டும் விழிக்கும்படி வைத்து, பஸ்ஸைத் தேடுவதை வினாடிக்கு ஐந்து படமாகக் குறைத்ததும் 9 சதவீதமாக இறங்கியது. சூடும் குறைந்தது.

செப்டம்பர் கடைசியில் மறுபடி நாற்பது பஸ், இரண்டு காலையாக. 29 சரி, 10க்கு "தெரியல", ஒன்று தப்பு. அந்த ஒன்று, இரண்டு பஸ் சேர்ந்து வந்தபோது நடந்தது. ஓரமாக வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அதைத் தாண்டி இரண்டாவது வரிசையில் வந்ததன் நம்பரைச் சொன்னது. சொன்ன நம்பர் சரி, பஸ் வேறு. இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. இப்போதைக்கு படத்தில் இரண்டு பஸ் இருந்தால் "ரெண்டு பஸ்" என்று முதலில் சொல்லும்படி வைத்திருக்கிறேன். அதைக் கேட்டால் சித்தி பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்கிறார்.

இதைவிடப் பெரிய குறை வாசல். நம்பர் தெரிவது வேறு, ஏறுவது வேறு. ஸ்டாப்பில் ஆட்டோ நின்றால் பஸ் இருபது முப்பது அடி தள்ளித்தான் நிற்க முடியும். சித்தி இன்ஜின் சத்தத்தையும் கதவுப் பக்கம் ஆட்கள் இறங்கும் சத்தத்தையும் வைத்துப் போகிறார். கேமராவால் வாசலைக் காட்ட முயன்றேன். தோளில் இருக்கும் கேமரா நடக்கும்போது ஆடும், நடுவில் ஆட்கள் வருவார்கள், சொல்லி முடிப்பதற்குள் அவர் இன்னும் இரண்டடி போயிருப்பார். அதைக் கழற்றிவிட்டேன். இதற்குச் சரியான இடம் பஸ்தான் என்று தோன்றுகிறது. ஐஐடி டெல்லியில் ஆன்போர்டு என்று ஒன்று செய்து மும்பையில் பஸ்களில் வைத்துச் சோதித்தார்கள். பயணி கையில் ஒரு சின்ன ரேடியோ கருவி, பஸ் வாசலருகே ஒரு ஸ்பீக்கர். பட்டனை அமுக்கினால் அருகில் இருக்கும் பஸ்ஸின் நம்பர் தெரியும், வேண்டிய பஸ்ஸைத் தேர்ந்தால் அந்த வாசலிலிருந்தே குரல் வரும். நம்பரும் வாசலும் ஒரே குரலில் தீர்ந்துவிடும். அப்படி ஒன்று இங்கே ஒவ்வொரு பஸ்ஸிலும் வந்தால் நான் இந்தப் பட்டையைச் சந்தோஷமாகக் கழற்றிவைப்பேன்.

உருப்பட்ட செலவு 11,020 ரூபாய். பரணில் இருப்பது 6,350. மறுபடி ஆரம்பித்தால் முதல் வாரம் எதையும் வாங்க மாட்டேன். நோட்டோடு ஸ்டாப்பில் நிற்பேன். முதல் படமே அவர் தோளிலிருந்துதான் எடுப்பேன். பட்டையை முதல் நாளே துணியில் தைப்பேன்.

போன வாரம் புதுக் கோளாறு ஒன்றை சித்தி கண்டுபிடித்தார். போக்குவரத்துச் சத்தத்தில் சி, ஜி இரண்டும் ஒரே மாதிரி கேட்கின்றன. 21ஜி என்றது அவருக்குச் சி என்று கேட்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்துப் பேசிப் பார்த்தேன், பலனில்லை. "கொடு இங்க" என்று போனை வாங்கினார். 22 வருஷமாக டெலிபோனில் எழுத்துக் கூட்டிச் சொன்னவர். "ட்வென்ட்டி நைன், சி ஃபார் சென்னை. ட்வென்ட்டி ஒன், ஜி ஃபார் கோவா." பதினேழையும் ஒரே மூச்சில், ஒரு தடவைகூடத் திருத்தாமல் பதிவு செய்து கொடுத்தார். இப்போது கருவியில் ஓடுவது அவர் குரல்தான்.

மாலையில் ஜெமினியிலிருந்து திரும்பும் ஸ்டாப்புக்குப் படம் இன்னும் எடுக்கவில்லை. அங்கே ஹெட்லைட் நேராக லென்ஸில் அடிக்கும். தீபாவளிக்குள் மழை பிடித்துவிடும் என்பதால் தையல்காரரிடம் லென்ஸ் மேல் ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூரை கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.